முழு நைட்டில் மட்டும் இழை ஏன் அறுந்தது?

(கோவையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் 36 வருடம் வேலை பார்த்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர் வாசகர்களின் வேலையிடச் சிக்கல்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: நடந்ததை எழுதி வைப்பது.)

ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன் நான். வயது 24. ஒரு சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டுவது) வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை தானாக நின்றுவிடுகிறது. போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ரீசெட் பண்ணினால் ஓடுகிறது. இரண்டு எலக்ட்ரானிக் கார்டு மாற்றியாயிற்று. "உனக்கு வேலையே தெரியலை" என்கிறார் சூப்பர்வைசர். நான் என்னதான் செய்வது?
— வாசகர், ஓசூர்

தம்பி, சி.என்.சி. மெஷினை நான் தொட்டதே இல்லை. எந்த கார்டு, எந்த வயர் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் ஆள் போனதும் ஒளிந்துகொள்கிற பழுதோடு நானும் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசியாக அந்த மெஷின் நின்றது என்றைக்கு, எத்தனை மணிக்கு? சரி, அதற்கு முந்தின தடவை? அப்போது என்ன ஜாப் ஓடிக்கொண்டிருந்தது? கடிதத்தில் இது எதுவுமே இல்லை. "வாரத்துக்கு இரண்டு மூன்று" என்றுதான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

1988 கோடை. எங்கள் மில்லில் 40-ஆம் நம்பர் நூல் ஓடிக்கொண்டிருந்தது. நூல் நூற்கிற மெஷினான ரிங் ஃபிரேம் ஒன்றுக்கு 440 கதிர். ஓடுகிற ஃபிரேமில் இழை அறுவது சாதாரணம். மணிக்கு 12, 14 அறுந்தால் யாரும் தலையைத் திருப்ப மாட்டோம், ஃபிரேமைக் கவனிக்கிற தொழிலாளியான சைடர் நடந்துகொண்டே ஒட்டிவிடுவார். அந்தக் கோடையில் முழு நைட்டில், அதாவது நள்ளிரவுக்கு மேல் ஓடுகிற ஷிஃப்டில் மட்டும் 30, 35 என்று அறுந்தது. ஓடி ஓடி ஒட்டியும் மாளவில்லை. பகல் ஷிஃப்டில் அதே ஃபிரேம், அதே பஞ்சு, ஒரு குறையும் இல்லை.

எல்லோரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: "நைட் ஆளுங்க தூங்கறாங்க." தூங்குகிறவன் அறுந்த இழையை ஒட்டாமல் விடலாம். நன்றாக இருக்கிற இழையை அவன் எப்படி அறுப்பான்? அதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். இரண்டு சைடர்களுக்கு மெமோ போனது. நாங்கள் ஒரு நாள் டிராவலரை (இழையோடு ரிங்கைச் சுற்றி ஓடுகிற சின்னக் கம்பி வளையம்) மாற்றினோம், இன்னொரு நாள் ரிங்கைத் துடைத்தோம், அப்புறம் வேறொன்றைக் கழற்றி மாட்டினோம். என்ன மாற்றினோம், எந்தத் தேதியில் மாற்றினோம் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்கே கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சிட்ராவில் ஒரு சின்னப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். 1956-இல் கோவையில் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் அது. அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது. நின்று எண்ணி எழுத வேண்டும் என்றது மட்டும் மனதில் இருந்தது. 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு நான்கு ராத்திரி ஷெட்டுக்குள்ளேயே இருந்தேன். மூன்று ஃபிரேம்களை எடுத்துக்கொண்டு, மணிக்கு எத்தனை அறுகிறது என்று எண்ணி எழுதினேன். காரணம் எதையும் எழுதவில்லை, எண்ணிக்கை மட்டும்.

இரண்டாவது ராத்திரியே கதை மாறிவிட்டது. ஒரு மணி வரைக்கும் 13, 14. இரண்டு மணிக்கு 19. மூன்று மணிக்கு 31. ஐந்து மணிக்கு 34. மூன்று ஃபிரேமும் சேர்ந்தே ஏறின. அந்த மூன்றில் மூன்று வேறு சைடர்கள். ஒருவர் மில்லிலேயே கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர், இன்னொருவர் மெமோ வாங்கியவர். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏறினால் கோளாறு ஆளிடம் இல்லை. டிராவலரிலும் இல்லை, டிராவலருக்கு மணி பார்க்கத் தெரியாது. மூன்று ஃபிரேமுக்கும் பொதுவாக இருப்பது காற்று.

ஷெட்டுக்குக் குளிர்ந்த ஈரக்காற்று அனுப்பும் பிளான்டுக்குப் போய் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். உலர் குமிழ், ஈரக் குமிழ் என்று இரண்டு வெப்பமானி அளவை மணிக்கு ஒரு தடவை எழுத வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் காற்று காய்ந்திருக்கிறது, குறைந்தால் ஈரமாக இருக்கிறது என்று கணக்கு. முழு நைட் முழுக்க, ஃபாரன்ஹீட்டில், 90/86, 90/86, 90/86. ஒரே மை, ஒரே சாய்வு. "படுபாவி, உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கிறான்" என்று ஆபரேட்டரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தபடியே போனேன். சுவரில் மாட்டியிருந்த மானியைப் பார்த்தேன்.

90/86 என்றுதான் காட்டியது.

அவன் பொய் எழுதவில்லை. ஈரக் குமிழைச் சுற்றியிருந்த திரியைத் தொட்டேன். போர்வெல் தண்ணீரின் உப்பும் பறக்கிற பஞ்சுத் தூசியும் ஏறி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. நுனியில் மட்டும் பெயருக்குக் கொஞ்சம் ஈரம். திரி நனையாவிட்டால் ஈரக் குமிழும் உலர் குமிழ் மாதிரிதான் காட்டும். வித்தியாசம் குறையும், ஷெட்டில் ஈரம் 85 சதவீதம் என்று கணக்கு வரும். ஈரம் அதிகமானால் காற்றை ஈரமாக்குகிற ஸ்பிரே பம்ப்பை நிறுத்து என்று அவனுக்கு உத்தரவு. உத்தரவுப்படி நிறுத்தியிருக்கிறான். அதே ரெஜிஸ்டரின் ஓரத்தில் "12.40 பம்ப் நிறுத்தம்" என்று குறித்தும் வைத்திருக்கிறான் மனிதன். பகலில் பிளான்ட் பார்க்கிறவர் கையில் பிடித்துச் சுழற்றுகிற மானியை வைத்திருந்தார், சுவரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதனால் பகலில் எல்லாம் சரியாக நடந்தது.

அந்தச் சுழற்று மானியை வாங்கி வந்து மூன்றரை மணிக்குச் சுழற்றினேன். 90/74. அதாவது ஈரம் 47 சதவீதம். ஸ்பின்னிங்கில் எங்களுக்கு 55-இலிருந்து 60 வரை வேண்டும். காற்று காய்ந்தால் பஞ்சு இழை சிலிர்த்துக்கொண்டு நிற்கும், உராய்வில் மின்னேற்றம் பிடிக்கும், உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும், அறும். என் நோட்டையும் அவன் ரெஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் 12.40-உம் இரண்டு மணியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தனித்தனியாக இரண்டுமே ஊமை.

திரி மாற்ற ஐந்து நிமிடம். மெமோவை யாரும் எழுத்தில் திரும்பப் பெறவில்லை. கிழித்துப் போட்டாயிற்று என்று வாயால் சொன்னார்கள்.

இப்போது உங்கள் மெஷின். ரீசெட் பட்டனில் கை வைப்பதற்கு முன்னால் திரையில் இருக்கும் அலாரம் எண்ணை போட்டோ எடுங்கள். எத்தனை மணி, எந்த ஜாப், வெட்டின் எந்தக் கட்டம், பக்கத்தில் கிரேன் ஓடியதா, வெல்டிங் நடந்ததா, வெயிலா மழையா என்று எழுதுங்கள். "கார்டு கோளாறு போலிருக்கிறது" என்று எழுத வேண்டாம். அது உங்கள் அபிப்பிராயம். எழுதிவிட்டால் அப்புறம் கண் அதையேதான் தேடும். நிற்காத நாளையும் எழுதுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். என் நோட்டில் 13, 14 இல்லாமல் இருந்திருந்தால் 34-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணியிருப்பேன்?

இரண்டு கார்டு மாற்றினீர்களே, ஒரே நாளிலா? ஒரே நாளில் என்றால் இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள். பழுது போனாலும் எதனால் போனது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, தேதி போட்டு, காத்திருங்கள். சூப்பர்வைசர் அதுவரைக்கும் சும்மா இருப்பாரா என்பது வேறு கதை. மூன்று வாரக் குறிப்போடு போய் நின்று பாருங்கள். "தெரியலை சார்" என்று சொல்கிறவனைத் திட்டுவது சுலபம். "ஏழு தடவை நின்றது சார், அதில் ஆறு தடவை சாப்பாட்டு இடைவேளை முடிந்து முதல் ஸ்டார்ட்டில்" என்று சொல்கிறவனைத் திட்டக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். தினமும் கன்ட்ரோல் ரீடிங்கை (அளவு முன்பே தெரிந்த மாதிரியை ஓட்டி மெஷினைச் சரிபார்ப்பது) அந்தந்த நேரத்தில் எழுதுகிறேன். மற்றவர்கள் ஆடிட் வரும் வாரத்தில் மொத்தமாக நிரப்புகிறார்கள். எனக்குக் "கல்வெட்டு" என்று பட்டப்பெயர். நான் முட்டாளா?
— வாசகி, திருச்சி

நல்ல பட்டப்பெயர் அம்மிணி, விடாதீர்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஓலை போட்டுக் குலுக்குவதை மட்டும்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவுக்காரர்களும் நிற்க முடியாது என்றும் அதில் வெட்டியிருக்கிறது. மச்சான் கணக்கு ஒப்படைக்காததற்கு இவருக்கும் பதவி இல்லை! உங்கள் கூடத்தில் அந்தச் சட்டம் வந்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று பாருங்கள்.

என் மருமகளும் லேபில்தான் இருக்கிறார், அதனால் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கன்ட்ரோல் ரீடிங் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் எல்லைக்குள் இருக்கும், பாஸ். ஆனால் பத்து ரீடிங் வரிசையாகச் சராசரிக்கு ஒரே பக்கமாக விழுந்தால் மெஷினோ ரீயேஜென்டோ மெதுவாக நழுவுகிறது என்று அர்த்தமாம். பதினோராவது நாளில் நோயாளியின் சர்க்கரை அளவு தப்பாகப் போவதற்கு முன்னால் அந்த வரிசை சொல்லிவிடும். ஆடிட் வாரத்தில் நிரப்புகிறவர் என்ன செய்வார்? சராசரிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அழகாகப் போட்டு வைப்பார். நழுவல் அதில் எப்படித் தெரியும்? வெறும் தாளாக இருந்தாலாவது "எழுதவில்லை" என்ற உண்மை தெரியும்.

ஒரு சின்ன யோசனை. பேனாவை நூலில் கட்டி மெஷின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். பாதிப் பேர் சோம்பலால் அல்ல, பேனா இல்லாததால் எழுதுவதில்லை.

இப்படி எழுதி வைத்ததால் பெரிய விஷயம் எதையாவது கண்டுபிடித்திருக்கிறார்களா? கல்லூரிப் பேச்சுப்போட்டிக்குக் கேட்கிறேன்.
— மாணவர், நாகர்கோவில்

எனக்குப் பிடித்த இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது வியன்னா பொது மருத்துவமனை. அங்கே பிரசவப் பிரிவு இரண்டு. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி, மற்றொன்றில் மருத்துவச்சிகள். பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் இறப்பது இரண்டிலும் உண்டு. ஆனால் 1846-ஆம் வருட ஏட்டில் முதல் பிரிவில் நூற்றுக்கு 11-க்கு மேல், இரண்டாவதில் 3-க்கும் கீழே. ஊர்ப் பெண்களுக்கு ஏடு பார்க்காமலே இது தெரியும், முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று கெஞ்சுவார்களாம். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் இந்த எண்களை விடாமல் பிடித்துக்கொண்டார். கூட்டம், காற்று என்று எதையெதையோ சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். 1847-இல் அவருடைய நண்பர், பிரேதப் பரிசோதனையின்போது கத்தி குத்தி இறந்துபோனார். நண்பரின் உடல் பரிசோதனைக் குறிப்பைப் படித்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது, இறந்த தாய்மார்களிடம் பார்த்த அதே மாறுதல்கள். மாணவர்கள் பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள், மருத்துவச்சிகள் பிணவறைக்கே போவதில்லை! மே மாதம் எல்லோரும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்றார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 இறந்த இடத்தில் ஜூனில் 2 சொச்சம்.

அப்போது கிருமி என்றால் என்ன என்று அவருக்கே தெரியாது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்று ஏடு காட்டிவிட்டது, அது என்ன என்று தெரிவதற்கு இன்னும் பல வருடம் ஆனது. மூத்த மருத்துவர்கள் பலர் அவரை நம்பவில்லை. அவரும் புத்தகமாக எழுதி வெளியிட 1861 வரை ஆக்கிவிட்டார். எண்கள் கையில் இருந்தும் அத்தனை வருடம் தாமதித்தாரே என்று எனக்கு அவர்மேல் ஒரு வருத்தம் உண்டு.

இரண்டாவது சிரிப்பு. 1947 செப்டம்பர் 9, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற ராட்சதக் கணினி தகராறு செய்தது. திறந்து பார்த்தால், பேனல் எஃப், 70-ஆம் ரிலேயில் ஒரு அந்துப்பூச்சி. அதை எடுத்து லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் மாலை 3.45 என்று நேரம் குறித்து, உண்மையிலேயே "பூச்சி" கண்டுபிடிக்கப்பட்ட முதல் சம்பவம் என்று கிண்டலாக எழுதினார்கள். ஆங்கிலத்தில் பழுதைப் பூச்சி (bug) என்று சொல்வது எடிசன் காலத்திலேயே இருந்த வழக்கம், அதனால்தான் அந்தக் கிண்டல். அந்தப் பக்கம் பூச்சியோடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் மில் லாக் புத்தகமாக இருந்தால் என்ன எழுதியிருப்போம் தெரியுமா? "ரிலே பழுது. சரி செய்யப்பட்டது. ஓ.கே." பூச்சி குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும், அடுத்த வாரம் அதன் தம்பி வந்திருக்கும்.

நோட்டா, மொபைலா, எக்செல்லா? எதில் எழுதுவது?
— வாசகர், திருப்பூர்

கை அழுக்காக இருக்கும்போது எது கைக்கு எட்டுகிறதோ அதில். கூட்டல், வரிசைப்படுத்தல் எல்லாம் எக்செல்லில் சுகம்தான், ராத்திரி வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு "பதிவு செய்தாயிற்று" என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே உங்கள் பேரிங் சத்தம் குட் மார்னிங் பூங்கொத்துக்கு அடியில் புதைந்துவிடும்.

எல்லாவற்றையும் எழுதினால் நம் தப்பும் எழுத்தில் இருக்குமே? நாளைக்கு அதை வைத்தே நம்மைப் பிடித்தால்?
— பெயர் வேண்டாம், சென்னை

பிடிப்பார்கள். என்னைப் பிடித்தார்கள்.

பஞ்சைச் சீவுகிற கார்டிங் மெஷினில் சிலிண்டருக்கும் அதன் மேலே இருக்கிற ஃபிளாட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை 10 தௌ வைக்க வேண்டும். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் ஒரு மெஷினில் கேஜ் தகட்டை மாற்றி எடுத்து 12 வைத்துவிட்டேன். அதைவிட வேடிக்கை, நோட்டிலும் ஒழுங்காக 12 என்றே எழுதியிருக்கிறேன். மூன்று வாரம் கழித்து அந்த மெஷினில் மட்டும் பஞ்சுமுடிச்சு ஏறிவிட்டது என்று தர ஆய்வுக்காரர்கள் கத்தினார்கள். நோட்டைத் திறந்தேன், அரை மணி நேரத்தில் கதை முடிந்தது. மேனேஜர் ரூமில் அடுத்த அரை மணி நேரம் எனக்கு அர்ச்சனை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எழுதாமல் இருந்திருந்தால் பஞ்சைச் சீவுகிற பல்கம்பி மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டி, நல்ல கம்பியைக் கழற்றி எறிந்திருப்போம்.

ஆனால் எல்லா மேனேஜரும் அர்ச்சனையோடு விடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ரெஜிஸ்டரைப் பிரம்பாக எடுக்கிற இடங்கள் உண்டு. அங்கே ஒரே வாரத்தில் எல்லாப் பக்கமும் 90/78 ஆகிவிடும், அழகான 59 சதவீதம், ஷெட்டில் என்ன இருந்தாலும் சரி. நீங்கள் இருப்பது அப்படிப்பட்ட இடமா என்று உங்களுக்குத்தான் தெரியும். அப்படி என்றால் உங்களுக்கென்று ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் யார் பெயரும் வேண்டாம், மெஷின் நம்பரும் மணியும் போதும்.

இதெல்லாம் ஃபாக்டரிக்குத்தானா? எங்கள் வீட்டு போர் மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகிறது. மெக்கானிக் வரும்போது மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.
— இல்லத்தரசி, பொள்ளாச்சி

ஓசூர் தம்பிக்குச் சொன்னதேதான் உங்களுக்கும். ஸ்டார்ட்டர் பெட்டி கதவின் உள்பக்கம் ஒரு அட்டையை ஒட்டுங்கள், முன்பு ஈ.பி. மீட்டர் பக்கத்தில் வெள்ளை அட்டை செருகி வைத்திருப்போமே, அது மாதிரி. டிரிப் ஆன மணி, வோல்ட் மீட்டர் காட்டிய அளவு, எத்தனை நிமிடம் ஓடியது. சாயங்காலம் மட்டும் என்றால் வோல்டேஜைச் சந்தேகப்படுங்கள். எப்போது போட்டாலும் 20 நிமிடம் ஓடி நிற்கிறது என்றால் கிணற்றில் தண்ணீரைப் பாருங்கள். மெக்கானிக் காலை 11 மணிக்கு வந்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனால் இரண்டில் எதையும் பார்க்க மாட்டார்.

உங்கள் அந்த மில் நோட்டுகள் இப்போது எங்கே?
— வாசகி, ஈரோடு

மில் நோட்டு மில்லுக்குச் சொந்தம். ஓய்வு பெற்ற அன்று அலமாரிச் சாவியோடு கொடுத்துவிட்டேன். பழைய ஃபிரேம்களை எடைக்குப் போட்டபோது அவையும் காகித மூட்டையோடு போயின என்று கேள்விப்பட்டேன். 1988 நோட்டு மட்டும் என் காசில் வாங்கியது, வீட்டில் இருக்கிறது. நான்கு ராத்திரிக்கு எட்டுப் பக்கம்தான் செலவானது. மிச்சப் பக்கங்களில் என் மனைவி பால் கணக்கு எழுதுகிறார். போன மாதம் பால்காரரோடு இரண்டு நாள் கணக்கில் வாக்குவாதம் வந்து, நோட்டை எடுத்து வந்து விரித்துக் காட்டினார்.

தப்பு எங்கள் பக்கம்தான்.